ஆஸ்பத்திரியில் பெரியவர்களின் சாப்பாடு: நர்ஸ் எதைப் பார்க்கிறார், ஏன் பார்க்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதான நோயாளிக்குத் துணையாக வார்டில் தங்கும் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள் நர்ஸ்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வார்டுகளை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் நோயாளிக்கென்று டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

நெஞ்சு சளிக்குத்தான் அப்பாவைச் சேர்த்தோம். வந்ததும் வராததுமாக எடை பார்த்து, "சமீபத்துல மெலிஞ்சாரா?" என்று நர்ஸ் கேட்டார். இது எதற்கு?

எழுபதைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் வரும்போதே சத்துக் குறைந்துதான் வருகிறார்கள். கூடவே இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. தினமும் பார்க்கிற முகம், கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தால் கண்ணில் படாது. அதனால்தான் நர்ஸ் சுற்றி வளைத்துக் கேட்பார்: வேட்டி இடுப்பில் நிற்கிறதா, மோதிரம் கழன்று விழுகிறதா, பழைய ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டதா, பல்செட் ஆட ஆரம்பித்துவிட்டதா?

இதற்கு மேல் காய்ச்சலும் கிருமித் தொற்றும் சேர்ந்தால் உடம்பின் செலவு கூடுகிறது, பசி அதே நேரத்தில் போய்விடுகிறது. படுத்தே கிடப்பதால் தசையும் கரைகிறது. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. நல்ல உடம்புக்கே அப்படி. நிமோனியாவோடு சரியாகச் சாப்பிடாமல் படுத்திருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "சளி சரியாப் போச்சு, ஆனா பாத்ரூம் வரைக்கும்கூட நடக்க முடியலயே" என்று டிஸ்சார்ஜ் அன்று பலர் கேட்பது இதனால்தான்.

கேட்டுவிட்டு ஏதோ மதிப்பெண் போட்டாரே?

பல முறைகள் உண்டு. பிரிட்டனில் 2003-ல் வந்த 'மஸ்ட்' என்ற முறை பரவலானது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ 20-க்கு மேல் என்றால் 0, 18.5-லிருந்து 20 வரை 1, அதற்கும் கீழே 2. கடந்த மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாகக் குறைந்த எடை 5 சதவீதத்துக்குள் என்றால் 0, 5 முதல் 10 வரை 1, அதற்கு மேல் 2. கடுமையான நோயோடு, 5 நாளுக்கு மேல் வயிற்றுக்குள் எதுவும் போகாமல் இருந்தால், அல்லது அப்படி ஆகும் என்று தோன்றினால், இன்னொரு 2. கூட்டினால் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம், டயட்டீஷியன் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கென்றே 'எம்என்ஏ' என்று இன்னொன்றும் இருக்கிறது. அதன் சுருக்க வடிவத்தில் ஆறு கேள்விகள், மொத்தம் 14 மதிப்பெண், 7 அல்லது அதற்குக் கீழ் என்றால் சத்துக்குறைவு, 8 முதல் 11 வரை கவனிக்க வேண்டியவர்.

எந்த முறை என்பது பெரிய விஷயமில்லை. ஒரு தடவை போட்டுவிட்டு கேஸ் ஷீட்டில் மறந்துவிடுவதுதான் பிரச்சினை. வாரத்துக்கு ஒரு முறையாவது திரும்பப் பார்க்க வேண்டும். பார்த்தார்களா என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

அம்மாவால் நிற்கவே முடியாது. எடை எப்படிப் பார்ப்பார்கள்?

படுக்கையோடு எடை பார்க்கும் வசதி எல்லா இடத்திலும் இல்லை. அப்போது நர்ஸ் இஞ்ச் டேப்பை எடுப்பார். மேல்கையின் நடுச்சுற்றளவு 23.5 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் பிஎம்ஐ 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். கெண்டைக்கால் சதையின் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் எச்சரிக்கைதான். கூன் விழுந்தவர்களின் உயரத்தை முழங்கை முதல் மணிக்கட்டு வரை அளந்து கணக்கிடலாம்.

கால் வீங்கியிருப்பவர்கள் விஷயத்தில் எடையை நம்பக் கூடாது. நீர் கோத்துக்கொண்டால் எடை ஏறும், உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும்.

சாப்பாடு டயட்டீஷியன் வேலைதானே? இதில் நர்ஸுக்கு என்ன இருக்கிறது?

என்ன சாப்பாடு, எவ்வளவு என்று கணக்குப் போடுவது டயட்டீஷியன். எந்த நோய்க்கு எதை விலக்க வேண்டும் என்று சொல்வது டாக்டர். இரண்டு பேரும் ரவுண்ட்ஸ் முடிந்ததும் போய்விடுவார்கள். காலை இட்லி வரும்போதும், மதியம் தட்டு திரும்பிப் போகும்போதும், ராத்திரி எட்டு மணிக்குப் பால் ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கும்போதும் வார்டில் இருப்பது நர்ஸ்தான். எழுதிக் கொடுத்த சாப்பாடு வயிற்றுக்குள் போனதா என்று பார்க்க வேறு ஆளே கிடையாது.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் இதை 1859-லேயே எழுதிவிட்டார். நோயாளி தொடாத சாப்பாட்டை, அப்புறமாவது சாப்பிடுவார் என்று பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள், அதைப் பார்த்துப் பார்த்தே அவருக்குச் சாப்பிடும் எண்ணம் போய்விடும் என்று. இன்றும் எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் கட்டில் பக்கத்து ஸ்டாண்டில் மூடி வைத்த டிபன் பாக்ஸ் ஒன்று இருக்கும்.

"நல்லா சாப்பிட்டார்" என்று சொன்னால் நர்ஸுக்குத் திருப்தியே இல்லை. "எத்தனை இட்லி?" என்று நோண்டுகிறாரே?

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் செய்ய முடியாது. பயந்துபோய்ச் சொல்லும் 'நல்லா' ஒன்று, நர்ஸ் திட்டுவாரோ என்று சொல்லும் 'நல்லா' ஒன்று. சில சமயம் தட்டு காலி, ஆனால் பாதியைச் சாப்பிட்டவர் துணைக்கு இருந்த மகன்.

தட்டில் எவ்வளவு வந்தது, எவ்வளவு மிஞ்சியது என்பதே வேண்டும். முழுசா, முக்கால், அரை, கால், ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும், கிராம் கணக்கு வேண்டாம். குடித்ததை டம்ளர் கணக்கில் சொல்லுங்கள். மூன்று நாளாகத் தொடர்ந்து பாதிக்கும் குறைவு என்று சார்ட்டில் இருந்தால், அதைக் காட்டி நர்ஸ் டாக்டரிடம் பேச முடியும். எழுத்தில் இல்லாவிட்டால் அடுத்த ஷிப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது அந்த விஷயம் விட்டுப்போகும்.

சின்ன நோட்டு ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ராத்திரி தங்குவது மகன், பகலில் தங்குவது மருமகள் என்று ஆள் மாறும் வீடுகளுக்கு அது ரொம்ப உதவும்.

சாப்பிடவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். என்ன செய்வது?

பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆன்டிபயாட்டிக் போடும் பெரியவர்களுக்கு நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்வது சகஜம். எரியும், விழுங்க வலிக்கும், சொல்லத் தெரியாது. ஆம்புலன்ஸில் அவசரமாக வந்தவர்களின் பல்செட் வீட்டு ஜன்னல் ஓரம் டப்பாவில் இருக்கும். மூன்று நாளாகச் சப்பாத்தி கொடுத்துவிட்டு, "சாப்பிட மாட்டேங்கிறார் சிஸ்டர்" என்றால் அவர் என்ன செய்வார்? கண்ணாடியும் காது மிஷினும் அதே கதைதான்.

அடுத்தது மலம். நான்கு நாள் போகவில்லை என்றால் யாருக்குமே பசிக்காது. வலி மாத்திரைகளில் சில மலத்தை இறுக்கும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு மருமகள் கேட்க மாட்டார், சொல்லக் கூச்சப்பட்டு மாமனாரும் சொல்ல மாட்டார். நர்ஸிடம் விட்டுவிடுங்கள்.

மருந்துகளில் மெட்ரோனிடசோல் வாயில் இரும்புத் துரு மாதிரி ருசியைத் தரும். மெட்ஃபார்மின், டிகாக்ஸின் போன்றவை சிலருக்குப் பசியைக் கெடுக்கும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். எப்போதிலிருந்து சாப்பாடு குறைந்தது என்று நாள் சொன்னால், அந்த நாளில் புதிதாக என்ன ஆரம்பித்தார்கள் என்று நர்ஸ் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்ப்பார்.

பத்தியமும் ஒரு காரணம். சர்க்கரைக்கு இனிப்பு கிடையாது, பிரஷருக்கு உப்பு கிடையாது, கொழுப்புக்கு எண்ணெய் கிடையாது என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் எடுத்துவிட்டால் மிஞ்சுவதை எண்பது வயதில் யார் விழுங்குவார்? சத்துக்குறைந்த முதியவர்களுக்குக் கட்டுப்பாடுகளை முடிந்தவரை தளர்த்தச் சொல்லி ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. எதைத் தளர்த்தலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள், நர்ஸையும் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மனசு. மனைவி இறந்த பிறகு சாப்பாடு குறைந்தவர், "பிள்ளைகளுக்குச் சுமையா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே தட்டை நகர்த்துபவர், இவர்களை டானிக் கொடுத்துச் சரி செய்ய முடியாது. மனச்சோர்வுக்கு வைத்தியம் உண்டு. அதற்கும் முதல் தகவல் நர்ஸ் காதில்தான் விழ வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு ட்ராலி வரும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பவரை அரைத்தூக்கத்தில் எழுப்பி ஊட்ட வேண்டாம். எடுத்து வைத்து, நன்றாக விழித்த பிறகு சூடு பண்ணிக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரி நேரத்துக்குப் பசிக்க வேண்டும் என்று எந்த வயிற்றுக்கும் சட்டமில்லை.

வாய் வழியாகப் போகாவிட்டால் என்ன, குளுகோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடாதா?

வராது. 5 சதவீத குளுகோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. சுமார் 85 கலோரி. இரண்டு இட்லியும் ஒரு கரண்டி சாம்பாரும் அதைவிட அதிகம் தரும், கூடவே கொஞ்சம் புரதமும். பாட்டிலில் புரதம் சுத்தமாகக் கிடையாது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1500 கலோரி தேவை. அதைக் குளுகோஸிலேயே கொடுப்பதென்றால் 17 பாட்டிலுக்கு மேல் ஏற்ற வேண்டும், அவ்வளவு நீரை அந்த இதயம் தாங்காது.

ட்ரிப்ஸ் தேவைப்படும் நேரம் உண்டு. உடம்பில் நீர் வற்றியிருந்தால், மருந்து போட வேண்டியிருந்தால், ஏற்றித்தான் ஆக வேண்டும். சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல. "நாலு பாட்டில் ஏத்திட்டாங்க, இனி கவலையில்லை" என்று வீட்டுக்குப் போனில் சொல்லும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாகத்தான் இருக்கும்.

முட்டை சூடு, பருப்பு புண்ணில் சீழ் பிடிக்கும், தயிர் சளி என்கிறார்கள். ரசம் சாதமே போதுமா?

ரசம் சாதத்தில் ஒரு குறையுமில்லை, வேளைக்கு வேளை அது மட்டும் என்றால்தான் சிக்கல். ஒரு கப் சாதத்தில் 4 கிராம் வாக்கில் புரதம். நோயுற்ற முதியவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். அதாவது 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். சாதம், ரசம், பிரெட், டீ என்று ஓட்டினால் 25-ஐ எட்டுவதே கஷ்டம்.

ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. வேகவைத்த பருப்பு 100 கிராமில் 7 கிராம். சைவம் என்றால் பருப்பை நீர்க்க விடாமல் கெட்டியாக மசித்து, பாலில் பால் பவுடரே கலந்து, தயிர், பனீர், மசித்த சுண்டல் என்று ஏற்றலாம். அசைவர்களுக்கு முள் எடுத்த மீன் நல்லது.

அறுவை சிகிச்சை ஆனவருக்கும் படுக்கைப்புண் வந்தவருக்கும் பருப்பையும் முட்டையையும் நிறுத்துவது, கட்டடம் கட்டும்போது செங்கல்லை நிறுத்துகிற மாதிரி. புண் ஆறுவதற்குத்தான் புரதம். சீழ் வருவது கிருமியால். படுக்கைப்புண் ஆபத்தைக் கணிக்க நர்ஸ்கள் பயன்படுத்தும் பிராடன் அளவுகோலின் ஆறு பகுதிகளில் ஒன்று சாப்பாடுதான்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான்.

படுத்தபடியே இருக்கிறார். தலையை லேசாகத் தூக்கி ஊட்டலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் போகும் விஷயம் இது.

பக்கவாதம், பார்க்கின்சன் (நடுக்குவாதம்), டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களுக்கும், ரொம்பப் பலவீனமானவர்களுக்கும் விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாது. சாப்பாடு உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாயில் இறங்கும். சிலருக்குப் புரை ஏறும், இருமல் வரும். சிலருக்கு இருமலே வராது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய், இரண்டு நாள் கழித்து காய்ச்சலும் நிமோனியாவுமாக வெளிப்படும்.

அதனால் பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்கும் சோதனை முடியும்வரை வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்று நர்ஸ் தடுப்பார். "தொண்டை காயுதே, ஒரு மடக்கு" என்று மனசு கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். வாயைத் துடைத்து ஈரப்படுத்த நர்ஸிடம் கேளுங்கள்.

சோதனை முடிந்து, ஊட்டலாம் என்று சொன்ன பிறகு செய்ய வேண்டியவை: நேராக உட்கார வைக்க வேண்டும், முதுகுக்குத் தலையணை கொடுத்து, தலை சற்று முன்னால் குனிந்த மாதிரி. நீங்களும் உட்கார்ந்து, அவர் கண் மட்டத்துக்கு வந்து ஊட்டுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்துதான் பார்ப்பார். டீஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. தொண்டை மேடு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். பலவீனமான பக்கத்துக் கன்னத்தில் சாப்பாடு ஒதுங்கியிருக்கிறதா என்று நடுநடுவே பாருங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பழக்கங்கள் இரண்டு இங்கே ஆபத்தானவை. ஒன்று, டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய்க்குப் பாதுகாப்பு குறைகிறது. எச்சில் பார்க்காமல் டம்ளரை உதட்டில் வைத்தே குடிக்கட்டும், அவருக்கென்று தனி டம்ளர் வைத்துவிட்டால் போயிற்று. இன்னொன்று, தொண்டையில் நின்றதைத் தண்ணீர் ஊற்றி இறக்குவது. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது தண்ணீர்தான், அது வேகமாக ஓடிவிடும். கெட்டியான கஞ்சி, கெட்டித் தயிர், பருப்போடு குழைய மசித்த சாதம் இவற்றை வாயில் கட்டுப்படுத்துவது எளிது. நீர்த்த ரசத்தில் பருக்கை மிதக்கும் சாதம், புட்டு, பிஸ்கட் தூள், மிக்சர், முறுக்கு எல்லாம் வேண்டாம். பாலாடையால் வாயில் ஊற்றுவதும் வேண்டாம்.

குரல் திடீரென்று தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி கரகரத்தால், மூச்சு வாங்கினால், உடனே நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வாய் சுத்தம் செய்வது நிமோனியாவைக் குறைக்கும். பல்லே இல்லாதவருக்கும் இது உண்டு.

மூக்கு வழியாக டியூப் போட்டிருக்கிறார்கள். நாங்களே கஞ்சி ஊற்றலாமா?

பல வார்டுகளில் துணைக்கு இருப்பவர்கள்தான் ஊற்றுகிறார்கள், ஆள் பற்றாக்குறை. ஆனால் நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்து, நீங்கள் செய்வதைப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான்.

ரைல்ஸ் டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்பது முதல் விஷயம். போட்டவுடன் எக்ஸ்ரே எடுத்தோ, உள்ளிருந்து உறிஞ்சிய நீரின் அமிலத்தன்மையைப் பார்த்தோ உறுதி செய்வார்கள். பிஎச் 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். காற்றை ஊதி ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்ப முடியாது, நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். மூக்கருகே டியூபில் ஓர் அடையாளம் இருக்கும். ஒவ்வொரு முறையும் அது நகர்ந்திருக்கிறதா பாருங்கள். நகர்ந்திருந்தால் ஊற்றாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

படுக்கைத் தலைமாடு 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் வரை அப்படியே. சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் ஊற்றாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். வீட்டுக் கஞ்சி என்றால் வடிகட்டியது மட்டும், செய்து இரண்டு மணி நேரத்துக்குள். நம் வெயிலில் அதற்கு மேல் வெளியில் வைத்தால் கெட்டுவிடும்.

மாத்திரையை மட்டும் நர்ஸிடமே விடுங்கள். சில மாத்திரைகளைப் பொடி செய்யவே கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்றவை டியூப் உணவோடு சேர்ந்தால் உடம்பில் சரியாகச் சேராது.

பாட்டிக்கு டிமென்ஷியா முற்றிவிட்டது. சாப்பாடு குறைந்துவிட்டது. டியூப் போட்டால் தேறுவாரா?

முற்றிய டிமென்ஷியாவில் டியூப் ஆயுளைக் கூட்டுவதில்லை, நிமோனியாவைத் தடுப்பதுமில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் இந்த நிலையில் டியூபுக்குப் பதிலாகப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. டியூபை இழுத்துப் போடாமல் இருக்கக் கையைக் கட்ட வேண்டி வருவது பார்க்கச் சகிக்காத விஷயம்.

கையால் ஊட்டும்போது சத்தம் குறைந்த இடம், ஒரே ஆள், ஒரு நேரத்தில் ஒரே பதார்த்தம். வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி அவர்கள் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். பாஸ்டன் நகரில் அல்சைமர் நோயாளிகளுக்கு அடர்ந்த நிறத் தட்டும் டம்ளரும் கொடுத்துப் பார்த்தபோது அதிகம் சாப்பிட்டார்கள், அதிகம் குடித்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாத யோசனை. வாழை இலையில் சாதம் எடுப்பாகத் தெரிவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரமாகச் சாப்பிடாமல் கிடந்தவர். இப்போது பசிக்கிறது என்கிறார். நர்ஸ் கொஞ்சமாகத்தான் கொடுக்கச் சொல்கிறார். கஞ்சத்தனமா?

இல்லை, உயிர்க்காப்பு. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறைய மாவுச்சத்து போனால், இன்சுலின் ஏறி, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு திணறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டினியில் கிடந்த போர்க்கைதிகளுக்குச் சாப்பாடு கொடுத்தபோது சிலர் இதனால் இறந்தார்கள்.

10 நாளுக்கு மேல் எதுவும் சாப்பிடாதவர், பிஎம்ஐ 16-க்குக் கீழே உள்ளவர், நிறையக் குடிப்பவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். 2006-ல் வந்த பிரிட்டன் வழிகாட்டுதல்படி கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் ஆரம்பித்து, 4 முதல் 7 நாளில் ஏற்றுவார்கள். சாப்பாட்டுக்கு முன்பே தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுப்பார்கள். அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்களே என்று கோபப்பட வேண்டாம், இதற்காகத்தான். இந்த நேரத்தில் பார்க்க வருகிறவர் கொடுக்கும் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸோ ஜூஸோ கணக்கைக் கெடுத்துவிடும்.

இன்சுலின் போடுவதற்கு முன் நர்ஸ் தட்டை எட்டிப் பார்ப்பது ஏன்?

போட்ட பிறகு சாப்பாடு வரவில்லை என்றாலோ, பாதியில் வைத்துவிட்டாலோ சர்க்கரை இறங்கிவிடும். வயதானவர்களுக்குப் படபடப்பு வராமல் நேராகக் குழப்பம், தூக்கக் கலக்கம் என்று போகலாம். அசதி என்று நினைத்துவிடுவார்கள். பாதிதான் சாப்பிட்டார் என்றால் உடனே சொல்லுங்கள். 70-க்குக் கீழே இறங்கி, நினைவும் விழுங்கும் திறனும் சரியாக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது முதலுதவி. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஸ்கேனுக்காகக் காலையிலிருந்து பட்டினி. மதியம் வந்து "நாளைக்கு" என்கிறார்கள்.

நியாயமான கோபம். பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் இழக்கும் சாப்பாட்டில் ஒரு பங்கு இப்படித்தான் போகிறது. மயக்க மருந்துக்குப் பொதுவான விதி: லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிந்த பானத்துக்கு 2 மணி நேரம். ராத்திரி பத்து மணியிலிருந்து மறுநாள் மதியம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் இருக்க அவசியமில்லாத சந்தர்ப்பங்கள் நிறைய. "எத்தனை மணிக்கு எடுப்பாங்க? எது வரைக்கும் தண்ணி கொடுக்கலாம்?" என்று முந்தின நாளே கேளுங்கள். தள்ளிப்போனால் உடனே சாப்பாடு கொடுக்க அனுமதி வாங்குவது நர்ஸின் வேலை. அதை நினைவுபடுத்தினால் நல்ல நர்ஸ் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லேப் ரிப்போர்ட்டில் ஆல்புமின் குறைவு. சத்தே இல்லை என்று அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆல்புமின் என்பது இரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். கிருமித் தொற்றும் வீக்கமும் இருந்தாலே ஆல்புமின் இறங்கும், நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும். நோயின் தீவிரத்தைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது.

தண்ணீர் எவ்வளவு?

பெண்களுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானங்கள் என்பது முதியவர்களுக்கான பொதுக் கணக்கு. டீ, மோர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் இதில் சேரும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு டாக்டர் அளவு குறைத்திருப்பார். அவர்களுக்கு இளநீரும் யோசித்துத்தான், அதில் பொட்டாசியம் அதிகம்.

வயதாக ஆகத் தாகம் தெரியாது, தோலைக் கிள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறையும் முதியவர்களிடம் பலிக்காது. இதைவிடப் பெரிய காரணம், பல பாட்டிகள் வேண்டுமென்றே குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அதற்கு ஆயாம்மாவைக் கூப்பிட வேண்டும். "கூப்பிடுங்க பாட்டி, அதுக்குத்தானே இருக்கோம்" என்று ஒரு நர்ஸ் சொன்னால் தண்ணீர் தானாகக் கூடும்.

புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

கேட்டுவிட்டு வாங்குங்கள். சர்க்கரை, சிறுநீரகம் இரண்டையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்து வயிற்றை நிரப்பிவிடாமல், இடைவேளையில் கொடுங்கள்.

இவ்வளவையும் ஒரு நர்ஸ் எப்படிச் செய்வார்? எங்கள் வார்டில் ராத்திரி ஒரே ஒருவர்தான்.

நேர்மையான பதில்: செய்ய முடியாது. பொது வார்டில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். பல வார்டுகளில் நிலைமை அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. ஊசி, மருந்து, ட்ரிப்ஸ், அட்மிஷன், எழுத்து வேலை எல்லாம் முடித்துவிட்டுப் பார்க்கும்போது சாப்பாடு நேரம் தாண்டியிருக்கும்.

பிரிட்டனில் உதவி தேவைப்படும் நோயாளிக்குச் சிவப்பு ட்ரே கொடுக்கிறார்கள், யாருக்கு ஊட்ட வேண்டும் என்று தூரத்திலிருந்தே தெரியும். சாப்பாட்டு நேரத்தில் ரவுண்ட்ஸ், ஸ்கேன் எதுவும் வைக்காமல் ஒதுக்கும் முறையும் அங்கே வந்தது. அதனால் மட்டும் நோயாளிகள் அதிகம் சாப்பிட்டார்கள் என்று ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. ஊட்ட ஆள் இல்லாமல் நேரத்தை மட்டும் ஒதுக்கி என்ன பயன் என்பது என் எண்ணம்.

ஆனால் ஆளுக்கு ஏற்ற சாப்பாட்டைத் திட்டமிட்டுக் கொடுத்துக் கண்காணித்தால் பலன் உண்டு. 2019-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில் 8 ஆஸ்பத்திரிகளில் 2088 நோயாளிகள். வழக்கமான ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 9.9 சதவீதம், தனித்திட்டம் போட்டுக் கொடுத்தவர்களில் 7.2 சதவீதம். ஒரு புது மருந்து இதைச் செய்திருந்தால் விளம்பரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வார்டுகளில் ஒரு பலம் இருக்கிறது: நீங்கள். கூட ஓர் ஆள் கட்டிலருகே இருப்பது இங்கே இயல்பு. ஊட்டுவதை நீங்கள் செய்தால், எப்படி ஊட்டுவது, யாருக்கு ஊட்டக் கூடாது, எங்கே குறைகிறது என்பதைப் பார்க்க நர்ஸுக்கு நேரம் கிடைக்கும். துணைக்கு ஆளே இல்லாத பெரியவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். நீங்களாக ஊட்டிவிட வேண்டாம், அவருக்கு விழுங்கும் பிரச்சினை இருக்கலாம்.

கடைசிக் கட்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பிடவில்லை. பட்டினி போடுகிறோமோ என்று இருக்கிறது.

உடம்பு மூடிக்கொள்ளும் நாட்களில் பசியும் தாகமும் தாமாகவே அடங்கும். சாப்பிடாததால் அவர் போகவில்லை, போகிற நிலையில் இருப்பதால் சாப்பிடவில்லை. வற்புறுத்தினால் புரையேறும், மூச்சு முட்டும். கேட்டால் கொடுங்கள், ஒரு ஸ்பூன் காபியாக இருந்தாலும் சரி. உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைத்திருக்க நர்ஸ் கற்றுக்கொடுப்பார்.

டிஸ்சார்ஜ் அன்று என்ன கேட்டு வாங்க வேண்டும்?

இன்றைய எடை எவ்வளவு என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த மாதம் ஒப்பிட அது வேண்டும். எந்தப் பதத்தில் சாப்பாடு, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று கேளுங்கள். அசிட்ரோம் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து கொடுத்திருந்தால் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். டியூபோடு வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், அடைத்துக்கொண்டால், கழன்றுவிட்டால் எங்கே வருவது, யாரிடம் மாற்றுவது என்று தெரியாமல் வார்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அவர்கள் வரும்போது இந்த எடைச் சீட்டையும் சாப்பாட்டு நோட்டையும் எடுத்துக் காட்டுங்கள்.